கேஸ் கீசருக்குப் புகைக்குழாய் இல்லை: எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் நிலைமை இதுதான். குன்னூரில் வாடகை வீடு. ஐந்துக்கு ஏழு அடி பாத்ரூம். அதற்குள்ளேயே நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தரும் கேஸ் கீசர். அதன் தலையில் வட்டமாக ஒரு வாய் இருக்கிறது, குழாய் மாட்டவில்லை. மாட்டிக்கொடுத்தவர் "வென்டிலேட்டர் இருக்கிறதே, வேண்டுமானால் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். குளித்துவிட்டு வந்தால் உங்கள் மனைவிக்குத் தலை வலிக்கிறது. ஃபேன் போதுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எரிந்த புகை எந்த வழியாக வெளியே போகிறது, எரிவதற்கு வேண்டிய காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது. ஃபேன் இந்த இரண்டுக்குமே சரியான பதில் அல்ல. உங்கள் வகைக் கீசரில் அது நிலைமையை மோசமாக்கவும் செய்யும்.

மற்றதையெல்லாம் சொல்வதற்கு முன் அந்தத் தலைவலி. கீசர் எரியும் பாத்ரூமில் குளித்தபின் தலை வலிப்பதும், வெளியே வந்து சிறிது நேரத்தில் தணிவதும், கேஸ் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு ரத்தத்தில் ஏறத் தொடங்கியதற்கான அறிகுறி. தலைவலிக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் குழாய் இல்லாத கீசர் இருக்கும் வீட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஆகவே இன்றிலிருந்தே இப்படிச் செய்யுங்கள். கதவையும் வென்டிலேட்டரையும் நன்றாகத் திறந்துவைத்து வாளியில் வெந்நீர் பிடியுங்கள். நிரம்பும்வரை உள்ளே நிற்க வேண்டாம். பிடித்து முடித்ததும் கீசரை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடி, பத்து நிமிடம் காற்றாட விட்டுவிட்டு, அதன்பிறகு குளிக்கப் போங்கள். கீசர் எரிந்துகொண்டிருக்கும்போது ஷவரில் நிற்பதை நிரந்தர ஏற்பாடு முடியும்வரை விட்டுவிடுங்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் என்று வரிசையாகக் குளிக்கும் வீடுகளில் கடைசியாகப் போகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம், முன்னால் குளித்தவர்கள் விட்ட புகையெல்லாம் அவருக்குத்தான் மிச்சம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு லிட்டர் கீசர் முழு அளவில் எரியும்போது அதன் திறன் ஏறக்குறைய 11.5 கிலோவாட். மணிக்குச் சுமார் 0.9 கிலோ எல்பிஜி வேண்டும். பத்து நிமிடக் குளியலுக்கு 150 கிராம். ஒரு கிலோ எல்பிஜி முழுமையாக எரிய 3.6 கிலோ ஆக்சிஜன் தேவை. அப்படியானால் அந்தப் பத்து நிமிடத்தில் அரை கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் போய்விடும், கன அளவில் 0.4 கன மீட்டர். உங்கள் பாத்ரூம் எட்டடி உயரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 8 கன மீட்டர் காற்று, அதில் ஆக்சிஜன் 1.7 கன மீட்டருக்கும் குறைவு. காற்றே உள்ளே வராத அறை என்றால் பத்தே நிமிடத்தில் கால் பங்கு ஆக்சிஜன் காலி; 21 சதவீதம் இருந்தது 16க்கு வந்துவிடும். எந்த பாத்ரூமும் அவ்வளவு இறுக்கமாக மூடியிருப்பதில்லை, கதவுக்கு அடியில் கொஞ்சம் காற்று வரத்தான் செய்யும். ஆனால் மலையில் குளிருக்கு பயந்து வென்டிலேட்டரில் துணியோ செய்தித்தாளோ திணித்து அடைத்த பாத்ரூம் இந்தக் கணக்குக்கு மிக அருகில் போய்விடும்.

ஆக்சிஜன் 18 சதவீதத்தை நெருங்கும்போதே சுடர் சரியாக எரிவதில்லை. கரியமில வாயுவாக முடிய வேண்டியது பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். அதோடு, வெளியேறிய புகையே மறுபடி பர்னருக்குள் இழுக்கப்படுவதால் ஒவ்வொரு நிமிடமும் எரிதல் மேலும் கெடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. எல்பிஜியில் கசிவைக் காட்டுவதற்காகச் சேர்க்கும் நாற்றம் எரியும்போது எரிந்துபோய்விடும். ஆகவே "கேஸ் வாடையே இல்லையே" என்பது எந்தப் பாதுகாப்பையும் காட்டாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு பற்றிக்கொள்ளும். காற்றில் 1600 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1600 பங்கு) இருந்தால் இருபது நிமிடத்தில் தலைவலியும் மயக்கமும் வரும். 6400 பிபிஎம் என்றால் ஓரிரு நிமிடத்தில் தலைவலி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் உயிரே போகலாம். பெரும்பாலும் முதலில் தளர்வது கால்கள். ஆபத்து என்று புரிந்தாலும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறக்க முடியாது. நம் நாட்டு மருத்துவ இதழ்களில் இதற்கு "கேஸ் கீசர் சிண்ட்ரோம்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பாத்ரூமில் வலிப்பு வந்தது, மயங்கி விழுந்தார் என்று வரும் சிலருக்குக் காரணம் கீசர்தான்.

உங்கள் ஊருக்கென்று இன்னொரு சங்கதி இருக்கிறது. குன்னூர் ஏறக்குறைய 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2240. அந்த உயரத்தில் காற்றே ஐந்தில் ஒரு பங்கு, ஊட்டியில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். சமவெளிக்காகத் துளை போட்ட ஜெட் (பர்னருக்குக் கேஸை விடும் சிறு முனை) அதே அளவு கேஸைத் தரும், ஆனால் அதோடு சேரும் காற்றில் ஆக்சிஜன் குறைவு. விளைவு, அறைக் கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு கூடுதலாக உண்டாகும். 600 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில், கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டு, ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 4 சதவீதம் கேஸைக் குறைக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் கடைப்பிடிக்கும் முறை. அதைக் குன்னூருக்குப் பார்த்தால் ஏறத்தாழ கால் பங்கு. கோயம்புத்தூர்க் கடையில் வாங்கி மேலே ஏற்றிவந்த கீசருக்கு இதை யாரும் செய்திருக்க மாட்டார்கள். தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸ் ஆளிடம் ஊரின் உயரத்தைச் சொல்லி, அதற்கேற்ற ஜெட் உண்டா என்று கேளுங்கள். ஜெட் துளையைத் தாங்களே குத்தி மாற்றுகிறவர்களை அருகில் விடாதீர்கள். ஜெட் மாறும்வரை முன்பக்கத்துக் கேஸ் குமிழை உச்சத்தில் வைக்காமல் ஓட்டுவது கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

அடுத்து உங்கள் கீசர் எந்த வகை என்று பாருங்கள். அடியில் இரண்டு பெரிய டார்ச் பேட்டரி போடும் பெட்டி மட்டும் இருந்து, மின்சார வயர் இல்லை என்றால், அந்தப் பேட்டரி தீப்பொறிக்கும் கேஸ் வால்வுக்கும் மட்டுமே. உள்ளே ஃபேன் கிடையாது. சூடான புகை தானாக மேலே எழுவதை நம்பியே அது இயங்குகிறது. தலையில் குழாய் செருகுவதற்கான வட்டக் கழுத்து இருந்தால் அது புகைக்குழாயோடு மட்டுமே ஓட்ட வேண்டிய முதல் வகை. கழுத்து இல்லாமல் நீளமான பிளவுகள் மட்டும் இருந்தால் புகையை அறைக்குள்ளேயே விடும் இரண்டாவது வகை; அதற்குப் பிறகு குழாய் ஒட்டவைப்பது பாதுகாப்பான வேலை அல்ல, இடத்தை மாற்றுவதுதான் வழி. 230 வோல்ட் பிளக்கோடு, உள்ளே ஃபேன் வைத்துப் புகையைத் தள்ளும் கீசர் மூன்றாவது வகை. வெளிக்காற்றை ஒரு குழாயில் இழுத்து, புகையை அதற்குள் இருக்கும் இன்னொரு குழாயில் வெளியே விட்டு, அறைக்காற்றைத் தொடாமலே எரிவது நான்காவது வகை. நீங்கள் சொன்ன வட்ட வாயை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். படம் பார்க்காமல் அதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்; பக்கவாட்டு ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் இருப்பதே முடிவு.

முதல் வகை என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஏன் கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். மூன்று மீட்டர் உயரக் குழாயில் 120 டிகிரி சூட்டில் புகை இருந்தால், வெளியே 15 டிகிரி குளிர் என்றால், அது மேலே எழும் உந்துதல் 8 முதல் 9 பாஸ்கல். இது மிகச் சிறிய அழுத்தம். மூடிய பாத்ரூமில் ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், உள்ளே வரக் காற்றுக்குக் கதவிடுக்கு மட்டுமே வழி என்ற நிலையில், அறைக்குள் உண்டாகும் இழுப்பு இதை எளிதாகத் தாண்டிவிடும். அப்போது ஃபேன் தனக்கு வேண்டிய காற்றைப் புகைக்குழாய் வழியாகவே கீழே இழுக்கும். மேலே போக வேண்டிய புகை கீசரின் தலையிலிருந்து உங்கள் முகத்துக்கு இறங்கும். சமையலறைச் சிம்னியும் இதையே செய்யும், அதன் இழுவை மணிக்கு 1000 கன மீட்டருக்கும் மேலே. பாத்ரூம் கதவும் சமையலறையும் ஒரே கூடத்தில் திறக்கும் சிறிய வீட்டில், சிம்னி ஓடும் நேரத்தில் கீசர் எரிவது மிக மோசமான சேர்க்கை. குழாய் எதுவுமே இல்லாத இப்போதைய நிலையில் ஃபேன் புகையைக் கொஞ்சம் நீர்த்துப்போகச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் மின்சாரம் போன நேரத்தில் பேட்டரிக் கீசர் எரிந்துகொண்டே இருக்கும், ஃபேன் நின்றுவிடும்.

என் பரிந்துரையில் முதல் இடம் கீசரைப் பாத்ரூமிலிருந்தே வெளியேற்றுவதற்கு. வெளிச்சுவரில், மழை நேரடியாக அடிக்காத சன்ஷேடு அல்லது கூரை நீட்டலுக்குக் கீழே மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு விதிகளின்படி, அறைக்காற்றைத் தொடாத நான்காவது வகையைத் தவிர வேறு எந்தக் கேஸ் கருவியையும் குளியலறையில் வைக்கவே கூடாது. நம் ஊரில் விற்கும் கீசர்கள் பலவற்றின் கையேட்டிலும் காற்றோட்டமான இடத்தில், பாத்ரூமுக்கு வெளியே மாட்டச் சொல்லித்தான் இருக்கிறது. மாட்டுகிறவர் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. கருவி ஐஎஸ்ஐ முத்திரையோடு இருப்பது நல்லது, எல்பிஜி கீசருக்கான தரம் ஐ.எஸ். 15558. ஆனால் முத்திரை கருவிக்குத்தான், அதை மாட்டிய இடத்துக்கு அல்ல.

வெளியே மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. வெந்நீர்க் குழாய் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், சாதாரண வெள்ளை பிவிசி சூட்டில் தளர்ந்துவிடும். குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, மேலே நுரை உறை சுற்றினால் சூடு குறைவது தணியும். தண்ணீர் ஓட்டம் நிமிடத்துக்கு இரண்டரை, மூன்று லிட்டருக்குக் கீழே போனால் பல கீசர்கள் பற்றவே பற்றாது; தொட்டியின் அடிமட்டம் ஷவருக்கு மேலே இரண்டு மூன்று மீட்டராவது இருக்க வேண்டும், இல்லையென்றால் சின்ன பிரஷர் பம்ப் தேவைப்படும். சன்னல், கதவு, வென்டிலேட்டர் எதற்கும் கீழேயோ பக்கத்திலேயோ 1.2 மீட்டருக்குள் புகை வாய் வரக்கூடாது. அதற்கு மேலே வைப்பதென்றால் 30 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பாதுகாப்புக்கென்று நாலு பக்கமும் தகரம் அடித்து மூடிவிடாதீர்கள், அப்படிச் செய்தால் இன்னொரு சின்ன பாத்ரூமைத்தான் கட்டியிருப்பீர்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இடமாக இருந்தால் இரவில் கீசருக்கு வரும் தண்ணீரை மூடி, அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி உள்ளே நிற்கும் நீரை வடித்துவிடுங்கள். உறைந்த நீர் செப்புச் சுருளைப் பிளந்துவிடும்.

வெளிச்சுவரே கிடைக்காத வீடு என்றால் நான்காவது வகைதான் பாத்ரூமுக்குள் அனுமதிக்கத் தக்கது. அது விலை கூடுதல், எல்லாக் கடையிலும் கிடைக்காது, சுவரில் ஒரே பெரிய துளையில் இரட்டைக் குழாய் போகும். ஃபேன் உள்ள மூன்றாவது வகையைப் பாத்ரூமுக்குப் பக்கத்து வேலைப்பகுதியில், வெளிச்சுவரை ஒட்டி மாட்டலாம். உள்ளே மாட்ட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது புகையை வெளியே தள்ளினாலும் எரிவதற்கான காற்றை அறையிலிருந்துதான் எடுக்கிறது. குழாய் கழன்றாலும் ஒரு மூட்டு விட்டுப்போனாலும் ஃபேன் புகையை அழுத்தத்தோடு அறைக்குள்ளேயே ஊதும்.

குழாய் வேலையில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் மலிவான பொருளில் தொடங்குகின்றன. பிவிசி குழாய் கூடவே கூடாது. புகையின் சூடு சாதாரணமாகவே 100 டிகிரியைத் தாண்டும், பிவிசி 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சமையலறைச் சிம்னிக்குப் போடும் சுருக்கி விரிக்கும் அலுமினியத் தாள் குழாயும் வேண்டாம். அது மடிப்புகளில் கிழியும், நடுவில் தொய்ந்து நீர் தேங்கும். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயே சரி. விட்டம் கீசரின் கழுத்து என்னவோ அதேதான், வழியில் எங்கும் குறுக்கக் கூடாது. கழுத்து 90 மில்லிமீட்டர் இருக்க, கையில் 75 மில்லிமீட்டர்க் குழாய்தான் இருக்கிறது என்று குறுக்கிப் போட்டால் புகை போகும் வழி மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். மூட்டுகள் மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஒன்றுக்குள் ஒன்று ஏறி, மூன்று திருகால் இறுக்கி, சூடு தாங்கும் அலுமினிய டேப்பால் சுற்றியிருக்க வேண்டும். நீலகிரிப் பழைய வீடுகளில் மரப்பலகைச் சீலிங் அதிகம். ஒற்றைச் சுவர்க் குழாய் மரத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியே போக வேண்டும். சீலிங்கைக் கடக்கும் இடத்தில் அந்த இடைவெளியோடு தகர வளையம் போடாமல் நேராகச் செருகியிருந்தால் அது தீ விபத்துக்கு வழி.

சரிவு எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் நிறைய. ஃபேன் இல்லாத முதல் வகைக்குக் குழாய் கழுத்திலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் நேராக மேலே போன பிறகே முதல் வளைவு வரலாம். படுக்கையாகப் போகும் பகுதி மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் வீதம் வெளியை நோக்கி உயர வேண்டும். முடிவு கூரைக்கு மேலே, காற்றும் மழையும் தடுக்கும் தொப்பியோடு இருக்க வேண்டும். சுவரில் ஓட்டை போட்டு நேராக வெளியே நீட்டினால் எதிர்க்காற்று அடிக்கும்போது புகை முழுவதும் உள்ளே திரும்பும். ஃபேன் உள்ள வகைக்கு இதற்கு நேர்மாறு: குழாய் வெளிப்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும், மழைநீரும் குழாயில் குளிர்ந்து திரளும் நீரும் கீசருக்குள் இறங்காமல் இருக்க. ஒரு வகைக்குப் பழகிய ஆள் இன்னொன்றை அப்படியே மாட்டும்போது கோளாறு வருகிறது. கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

சென்னை, கோவை அடுக்குமாடிகளில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாத்ரூம் வென்டிலேட்டர்கள் எல்லாம் திறக்கும் அந்த டக்ட் வெளிக்காற்று அல்ல. அதற்குள் புகையை விட்டால் மேல்மாடிக்காரரின் பாத்ரூமுக்குப் போகும். கண்ணாடி மூடிய பால்கனியும் வெளி அல்ல.

உள்ளே வரும் காற்றுக்கு வருவோம். முதல் வகைக் கீசர் கட்டிடத்துக்குள் எங்கே இருந்தாலும் அந்த இடத்தில் மூட முடியாத இரண்டு திறப்புகள் வேண்டும், ஒன்று கூரையை ஒட்டி, ஒன்று தரையை ஒட்டி, இரண்டும் வெளியே திறப்பவை. ஒரு கிலோவாட்டுக்கு ஐந்தரை சதுர சென்டிமீட்டர் என்பது ஒரு அளவுகோல். உங்கள் கீசருக்கு ஒவ்வொரு திறப்பிலும் சுத்தமான வழி 65 சதுர சென்டிமீட்டர். லூவர் தகடுகள் வழியில் கால் பங்கை எடுத்துக்கொள்ளும், கொசுவலை அழுக்கேறினால் பாதியையும் அதற்கு மேலும் எடுக்கும். ஆகவே 15க்கு 15 சென்டிமீட்டர் கிரில் இரண்டு போட்டுவிட்டால் கவலையில்லை. வலைக்கண் ஆறு மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். கீழ்த்திறப்பு தேவைதானா என்று எல்லோரும் கேட்பார்கள், குளிர் வருகிறது என்பார்கள். எல்பிஜி காற்றைவிட எடை கூடியது. கசிந்தால் தரையில்தான் தேங்கும், அது வெளியேறவும் அந்த வழிதான் உதவும். சிலிண்டரைப் பாத்ரூமுக்குள் வைத்திருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை, ஃபேன் இல்லாத, குழாய் மாட்டிய கீசருக்கு. வீட்டின் கதவு சன்னல்களை மூடுங்கள், சமையலறைச் சிம்னி உட்பட எல்லா எக்ஸாஸ்ட் ஃபேன்களையும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து கீசரை ஐந்து நிமிடம் எரியவிட்டபின் பற்றவைத்த ஊதுபத்தியை, கழுத்துக்குக் கீழே இருக்கும் திறந்த விளிம்பின் ஓரமாக மெதுவாகச் சுற்றிக் கொண்டுபோங்கள். புகை இழை முழுவதும் உள்ளே வளைந்து போக வேண்டும். எங்காவது ஓரிடத்தில் கூடத் தயங்கி நின்றாலோ வெளியே தள்ளப்பட்டாலோ கீசரை அணைத்துவிட்டு, ஃபேனை நிறுத்தி, மறுபடி எரியவிட்டுப் பாருங்கள். அப்போது சரியாகிவிட்டால் குற்றம் ஃபேனில், சரியாகவில்லை என்றால் குழாயில். காற்று பலமாக அடிக்கும் ஒரு நாளிலும் இதைத் திரும்பச் செய்யுங்கள். இது நல்ல சோதனை, ஆனால் முழுச் சான்று அல்ல. புகையில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு இருக்கிறது என்பதை அளவிடும் கருவிதான் சொல்லும். சுடர் நீலமாக இருந்தால் சரி என்பதும் அரை உண்மை: மஞ்சள் நுனியும் கரியும் தெரிந்தால் கெட்டுவிட்டது என்பது உறுதி, நீலமாக இருப்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகாது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்குங்கள், ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கசிவைக் காட்டும் எல்பிஜி அலாரம் வேறு, இது வேறு. முந்தியது தரைக்கு அருகில், இது தலை உயரத்தில் அல்லது அதற்கு மேலே. பெட்டியில் ஈ.என். 50291 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கட்டும். அந்தத் தரத்தின்படி 300 பிபிஎம் வந்தால் மூன்று நிமிடத்துக்குள்ளும், 50 பிபிஎம் என்றால் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும் ஒலிக்கும். நீராவியில் சென்சார் கெடும் என்பதால் பாத்ரூமுக்கு வெளியே மாட்ட வேண்டியிருக்கும், அதனால் உள்ளே இருப்பவருக்கு அது தாமதமாகவே உதவும். கீசரில் உள்ள ஆக்சிஜன் குறைவு சென்சாரும் இருபது நிமிட டைமரும் நல்ல கூடுதல் காப்பு. ஆனால் முன்னது ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது, கார்பன் மோனாக்சைடை அல்ல. அழுக்கடைந்த பர்னர் நல்ல காற்றிலும் விஷத்தை உண்டாக்கும். டைமரோ, கீசரை அணைத்து மறுபடி போட்டால் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும்.

வருடத்துக்கு ஒருமுறை, குளிர்காலம் தொடங்கும் முன், மேலுறையைக் கழற்றி செப்புச் சுருளின் இதழ்களுக்கு இடையே படிந்த தூசியையும் கரியையும் மென்மையான பிரஷ்ஷால் எடுக்கச் சொல்லுங்கள். அந்த இதழ் இடைவெளிதான் புகையின் வழி, அது அடைபட்டால் நல்ல குழாயும் பயனில்லை. பர்னர் வாய்களில் சிலந்தி கூடு கட்டும், வெளி வாயில் குருவி கட்டும். ரப்பர் ஹோஸின் மேல் அச்சிட்ட ஆண்டைப் பார்த்து ஐந்து வருடத்தில் மாற்றிவிடுங்கள்.

யாராவது உள்ளே பதில் சொல்லாமல் இருந்தால், கதவை உடைத்தாவது திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு போய் ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள். சிலிண்டரை மூடுவது அதற்குப் பிறகு. மூச்சு இல்லையென்றால் உடனே செயற்கைச் சுவாசமும் நெஞ்சு அழுத்தமும், கூடவே 108. ஆஸ்பத்திரியில் "கேஸ் கீசர் எரிந்த பாத்ரூமில் இருந்தார்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தை ஆக்சிஜன் என்றே எண்ணி 98, 99 என்று காட்டும், அதைப் பார்த்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின், அதாவது இந்த வாயு பற்றிக்கொண்ட ஹீமோகுளோபின், எவ்வளவு என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணிக்குள். தேறி வந்தவருக்கும் சில நாள், சில வாரம் கழித்து மறதியோ நடைத் தடுமாற்றமோ வரலாம், அப்போது மறுபடி காட்ட வேண்டும். உங்கள் மனைவி கருவுற்றிருந்தால் இப்போதைய தலைவலிக்கே மருத்துவரைப் பாருங்கள், குழந்தையின் ரத்தம் இந்த வாயுவை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். அவர் தயங்கினால் இந்தக் கீசரைக் கழற்றிவிட்டு, 15 லிட்டர், 2 கிலோவாட் மின்சார கீசர் மாட்டித் தரக் கேளுங்கள். 15 டிகிரித் தண்ணீரை 50க்குக் கொண்டுவர அதற்கு இருபது நிமிடம் போதும், புகைக்குழாய் என்ற பேச்சே இல்லை. அதற்கு 16 ஆம்பியர் தனி இணைப்பு, சரியான எர்த், 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் ஆர்சிசிபி மூன்றும் இருக்கின்றனவா என்பதை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்ல வேண்டும். கேஸ் கீசரே வேண்டும் என்றால் வெளிச்சுவரில் எந்த இடம், பக்கத்தில் எந்தெந்தச் சன்னல், தொட்டி எவ்வளவு உயரம், ஸ்டிக்கரில் என்ன மாடல் என்பது தெரியும்படி நாலு படம் எடுத்து இங்கே போடுங்கள். குழாய் எப்படிப் போகலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.